செத்த காலேஜும் உயிர் காலேஜும்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்னையின் பழைய ஆட்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. அருங்காட்சியகம் எப்படிக் காலேஜ் ஆனது? 1851இல் தொடங்கப்பட்டபோது அது இருந்தது நுங்கம்பாக்கத்தில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில். அந்தச் சாலைக்கு இன்றும் கல்லூரிச் சாலை என்றுதான் பெயர். 1854இல் எழும்பூர் பாந்தியன் மாளிகைக்கு இடம் மாறியபோது, காலேஜ் என்ற பெயரையும் மக்கள் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

முதல் பொறுப்பாளராக இருந்த மருத்துவர் எட்வர்டு பால்ஃபர், புலிக்குட்டி ஒன்றையும் சிறுத்தை ஒன்றையும் அந்த வளாகத்தில் கொண்டுவந்து வைத்தார். சனம் திரண்டு வந்தது. ஆர்க்காட்டு நவாபிடம் இருந்த விலங்குகளையும் அவர் கேட்டு வாங்கினார். சென்னையின் மிருகக்காட்சி சாலை பிறந்தது அப்படித்தான். பிறகு அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. 1985இல் வண்டலூருக்குப் போனது. உயிர் உள்ளவை வெளியேறிவிட்டன. பஞ்சடைத்த பறவைகளும் திமிங்கல எலும்புக்கூடும் கல்லும் செம்பும் தங்கிவிட்டன.

பெயர் வைத்தவர்கள் ஒன்றும் பிழையாகச் சொல்லிவிடவில்லை. புளியோதரை கட்டிக்கொண்டு வண்டலூருக்குப் போகிற குடும்பங்கள் ஆயிரம் உண்டு. அதே ஆவலோடு அருங்காட்சியகத்துக்குக் கிளம்புகிற வீட்டை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். "அங்க என்ன இருக்கு, பழைய கல்லும் உடைஞ்ச பானையும்தானே" என்ற பேச்சு எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பலமுறை ஒலித்திருக்கிறது.

இதைக் கேட்டதும் மக்களுக்கு ரசனை இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. புடவையின் கரையைப் பார்த்தே இது காஞ்சிபுரமா ஆரணியா என்று சொல்கிற பெண்கள் இவர்கள். மாட்டின் சுழியைப் பார்த்து விலை பேசுகிறவர்கள். நாதஸ்வரத்தில் ராகம் மாறினால் தலை நிமிர்த்துகிறவர்கள். இவர்களுக்குப் பார்க்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? அருங்காட்சியகத்தின் சலிப்பு பார்வையாளர் வீட்டிலிருந்து எடுத்துவருவது அல்ல. வாசலைத் தாண்டிய பிறகு அவர் கையில் கொடுக்கப்படுவது.

என் கையில் அது கொடுக்கப்பட்டது ஏழாம் வகுப்பில். பள்ளிச் சுற்றுலாவில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். "வரிசையா வாங்க, தொடாதீங்க, பேசாதீங்க" என்ற மூன்று கட்டளைகளோடு உள்ளே நுழைந்தோம். ஒரு கூடத்தில் காசுகள், அடுத்ததில் வாள்கள், அதற்கடுத்ததில் குப்பியில் ஊறும் பாம்புகள், பிறகு வரிசையாகச் சாமி சிலைகள். நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நின்று பார்த்தவளை ஆசிரியர் தோளில் கைவைத்து முன்னே நகர்த்தினார். அவருக்கு ஐம்பது பிள்ளைகளை எண்ணிப் பேருந்தில் ஏற்ற வேண்டிய கவலை. மறுநாள் 'நான் கண்ட அருங்காட்சியகம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதினேன். கண்ணால் கண்டதில் ஒன்றுகூட நினைவில் இல்லை. கால் வலித்தது மட்டும் நினைவில் இருந்தது.

அந்தக் கால்வலிக்கு ஒரு வரலாறு உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், 1916இல் 'அருங்காட்சியகக் களைப்பு' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மனிதரை அழைத்துவந்து, பெட்டிகளில் இருக்கும் பொருள்களைப் பார்த்துச் சில கேள்விகளுக்கு விடை சொல்லச் செய்து, அவர் எப்படியெல்லாம் குனிகிறார், முழந்தாளிடுகிறார், கழுத்தை வளைக்கிறார் என்று படம் எடுத்து வெளியிட்டார். பொருளைப் பார்ப்பதற்கே உடம்பு இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தால், கொஞ்ச நேரத்தில் மனிதர் பார்ப்பதையே நிறுத்திவிட்டு வெறுமனே நடந்து போவார் என்பது அவர் சொன்னதன் சாரம். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம் ஊரில் எத்தனை பெட்டிகளின் முன்னால் நாம் அதே கோணத்தில் நிற்கிறோம்! கண்ணாடியில் குழல்விளக்கின் வெளிச்சம் விழுந்து உள்ளே இருப்பதை மறைக்கிறது. பெயர்ச்சீட்டு முழங்கால் உயரத்தில் இருக்கிறது. கூடம் முழுக்கத் தேடினாலும் உட்கார ஒரு பெஞ்சு இல்லை. இருக்கிற ஒரே நாற்காலி காவலருடையது.

இன்னொரு கணக்கும் உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியத்தின் முன் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஜெஃப்ரி ஸ்மித், லிசா ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் அளந்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வின்படி சராசரி 27 விநாடிகள். பாதிப் பேர் 17 விநாடிகளுக்குள் நகர்ந்துவிட்டார்கள். உலகப் புகழ்பெற்ற ஓவியங்களுக்கே இந்தக் கதி. நம் பள்ளிக்கூட வரிசையில் ஒரு சிலைக்கு இரண்டு விநாடி கிடைத்தால் அதிகம்.

சலிப்பு பொருளில் இல்லை, அந்த இரண்டு விநாடியில்தான் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது தஞ்சாவூர். அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடத்துக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஒரு திருமணத்துக்கு வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்கப் போனேன். மழை விடவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு செப்புத் திருமேனியின் முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தேன்.

திருவெண்காட்டு ரிஷபவாகன மூர்த்தி அது. என் அம்மா பிறந்த ஊருக்குத் திருவெண்காடு கூப்பிடு தூரம். புதன் சன்னதிக்கு விளக்குப் போடவும், அகோரமூர்த்தியைக் கும்பிடவும் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்த ஊர் மண்ணுக்கடியிலிருந்து 1950களின் தொடக்கத்தில் இப்படி ஒரு திருமேனி வெளிப்பட்டது என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. யாருக்கும் தெரிந்திருக்கவும் இல்லை.

முதல் பார்வையில் ஒரு ஆள் நிற்கிறார், அவ்வளவுதான். இரண்டாவது பார்வையில்தான் அவர் நிற்கும் விதம் தெரிகிறது. ஒரு காலைக் குறுக்கே மாற்றிவைத்து, இடுப்பை லேசாகச் சாய்த்து, வலது கையை எதன் மீதோ ஊன்றியிருக்கிறார். எதன் மீது? அங்கே ஒன்றும் இல்லை. வெறும் காற்று. அந்தக் கைக்குக் கீழே ஒரு காளை இருந்திருக்க வேண்டும். காளை இன்று இல்லை. ஆனால் கை இன்னும் அதன் மீது சாய்ந்தபடியே இருக்கிறது. மாட்டின் முதுகு எவ்வளவு உயரம், அது எவ்வளவு பழகிய மாடு, அதன் மேல் எவ்வளவு பாரத்தை அவர் இறக்கியிருக்கிறார் என்பதெல்லாம் அந்த ஒரு முழங்கையிலிருந்து தெரிகிறது. எங்கள் ஊரில் சாயங்காலம் மாட்டைக் கட்டிவிட்டு அதன் மேல் கையைப் போட்டுக்கொண்டு நின்று ஊர்க்கதை பேசுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அதே நிற்பு. தலையில் சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றி, அதைப் பாம்புகளால் கட்டியிருப்பதைப் பார்த்தபோது, அந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது. கடவுளை ஒரு மாட்டுக்காரரைப்போல நிற்கவைக்க அந்தச் சிற்பிக்கு எவ்வளவு அன்பு இருந்திருக்க வேண்டும்.

கல்வெட்டுச் சான்றுகளைக்கொண்டு இந்தத் திருமேனியின் ஆண்டை 1011 என்றும், பக்கத்தில் நிற்கும் அம்மையின் ஆண்டை 1012 என்றும் சொல்கிறார்கள். 1011 என்பது தஞ்சைப் பெரிய கோயில் முடிந்ததற்கு அடுத்த ஆண்டு. ராஜராஜன் உயிரோடு இருந்த காலம். ஓர் ஆண்டு அவர் தனியாக நின்றிருக்கிறார், பிறகுதான் அம்மை வந்திருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்போடு பார்த்தால் இரு முகங்களும் வேறாகத் தெரிகின்றன.

கோயிலில் உற்சவரை நாம் இப்படிப் பார்க்கவே முடியாது. பட்டும் பூமாலையும் நகையும் சாத்தியபின் முகம் மட்டுமே தெரியும், கூட்டம் தள்ளும், தீபாராதனை வெளிச்சத்தில் ஒரு கணம் கும்பிட்டு நகர வேண்டும். அது ஒரு அனுபவம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. அருங்காட்சியகத்தில் பூவும் பாட்டும் இல்லை. ஆனால் முதுகு தெரிகிறது. செப்புத் திருமேனிகளின் முதுகைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? சடைமுடி பிடரியில் இறங்கும் அழகை, இடுப்பு ஆடையின் முடிச்சைப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். பீடத்தையும் பார்க்க வேண்டும். அதிலிருக்கும் துளைகளும் வளையங்களும் வீதியுலாவுக்குக் கழிகளைச் செருகித் தூக்குவதற்காக அமைத்தவை. அந்தத் துளைகளைப் பார்த்த கணத்தில் நாலு மாட வீதியும், தோளில் துண்டு மடித்துப்போட்டுத் தூக்குகிறவர்களும் மனக்கண்ணில் வந்துவிடுகிறார்கள். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, கடைசியில் மண் அச்சை உடைத்துத்தான் திருமேனியை வெளியே எடுத்தார்கள். அச்சு உடைந்துவிட்டதால் இன்னொன்று அதேபோல் கிடையாது. சுவாமிமலையில் இன்றும் அப்படித்தான் வார்க்கிறார்கள்.

எழும்பூரில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜரைப் பிரெஞ்சுச் சிற்பி ரோதன் நேரில் பார்த்ததில்லை. கையில் கிடைத்த புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு 1913இல் அதைப் பற்றி ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். 1921இல் அது அச்சானது. படத்தைப் பார்த்தே உருகிய அவருக்குக் கிடைக்காத வாய்ப்பு, சென்ட்ரலில் ரயில் ஏறக் காத்திருக்கும் எவருக்கும் ஆட்டோ தூரத்தில் கிடைக்கிறது.

ஆனால் அந்த எவருக்கும் யார் சொல்வது? பெயர்ச்சீட்டு சொல்லுமா? நம் அருங்காட்சியகங்களில் நான் படித்த பெரும்பாலான சீட்டுகள் ஒரே வார்ப்பு: பெயர், உலோகம், நூற்றாண்டு, ஊர், மாவட்டம். இவ்வளவும் பதிவேட்டுக்கு வேண்டியவை. பார்க்க வந்தவளுக்கு வேண்டியது, 'கையைப் பாருங்கள், அதன் கீழே ஒரு காளை இருந்தது' என்ற ஒரே வரி. அந்த வரி இருந்தால் இரண்டு விநாடி இருபது நிமிடமாகும்.

நமக்கு இப்படி எழுத வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. நடுகல் என்பதே கல்லில் வெட்டிய பெயர்ச்சீட்டுதான். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுத்தனூரில் நட்ட ஒரு கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எருமைகளுக்காகப் போரிட்டு இறந்தவன் கருந்தேவக்கத்தி என்று அது சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. அவனுடைய நாய்க்குக் கோவிவன் என்று பெயர், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் காத்தது என்றும் சொல்லி, நாயையும் கல்லில் வடித்திருக்கிறது. யார், எதற்காக இறந்தான், உடன் நின்றது யார் என எல்லாம் சில வரிகளில். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரை மறக்காமல் வெட்டிவைத்த மொழி இது. இதே கல்லுக்கு இன்று ஒரு சீட்டு எழுதச் சொன்னால் 'நடுகல், கருங்கல், பல்லவர் காலம்' என்று எழுதி முடித்துவிடுவோம் என்ற எண்ணமே என்னை வதைக்கிறது. நாயின் பெயரைச் சொன்னால், ஏழாம் வகுப்புப் பிள்ளை அந்தக் கல்லை விட்டு நகருமா?

கீழடிக்கு என் அண்ணன் மகளை அழைத்துப்போனேன். 2023 மார்ச்சில் திறந்த அந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டின் முற்றமும் தாழ்வாரமுமாகக் கட்டப்பட்டிருப்பதே நடக்க இதமாக இருக்கிறது. அவளுக்கு ஒன்பது வயது. பொ.ஆ.மு. ஆறாம் நூற்றாண்டு என்று நான் விளக்கத் தொடங்கியது அவள் காதில் ஏறவில்லை. சுடுமண்ணில் தேய்த்து வட்டமாக்கிய துண்டுகளின் முன் சட்டென்று நின்றாள். "அத்தை, இது சில்லுதானே?" என்றாள். சில்லுதான். பாண்டி ஆட ஓட்டுத்துண்டைச் சுவரில் தேய்த்து அவளும் அப்படித்தான் வட்டமாக்கி வைத்திருக்கிறாள். கீழடி மண்ணிலிருந்து அப்படி நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பகடையும் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. அதற்குப் பிறகு அவள் எனக்கு விளக்கிக்கொண்டு வந்தாள்.

தமிழி எழுத்தில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய பானை ஓடுகளைக் காட்டியபோது, "ஏன் பானையில பேர் எழுதினாங்க?" என்று கேட்டாள். "நம்ம வீட்டு எவர்சில்வர் தூக்குல பாட்டி பேர் வெட்டியிருக்கே, அது ஏன்?" என்றேன். கல்யாணச் சீர்ப் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே உட்கார்ந்து பெயர் வெட்டி வாங்குகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பந்திக்கு இரவல் போன குண்டான் திரும்பி வர வேண்டுமே! ஆதனுக்கும் அதே கவலை இருந்திருக்கலாம். அந்த ஓட்டை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தொன்மை, பெருமை என்ற சொற்களால் நான் அவளை அங்கே நிறுத்தியிருக்க முடியாது. பாட்டியின் தூக்குவாளிதான் நிறுத்தியது.

இப்போதெல்லாம் சலிப்பைப் போக்கத் தொடுதிரை, ஒலி ஒளிக் காட்சி, தலையில் மாட்டிக்கொள்ளும் மாயக் கண்ணாடி என்று செலவு செய்கிறார்கள். முற்றிலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நடக்க முடியாதவர்களுக்கும் பார்வைக் குறை உள்ளவர்களுக்கும் அவற்றில் நல்ல உதவி உண்டு. ஆனால் திரை ஒளிர்ந்தால் பிள்ளைகளின் கண் திரைக்குத்தான் போகும். பக்கத்தில் இருக்கும் உண்மையான பானை, திரைக்கு ஓர் அலங்காரமாகிவிடும். மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனைக்குள், காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இருக்கிறது. அதன் முன் எந்தத் திரையும் பேச வேண்டியதில்லை. சளசளவென்று பேசிக்கொண்டு வரும் பள்ளிப் பிள்ளைகள் அங்கே தாமாகவே அடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு துணி. அந்தத் துணியேதான் அது. படமோ நகலோ அந்த அமைதியைக் கொண்டுவராது.

எனக்கு வேண்டியவை இவற்றைவிடச் சிறியவை. கூடத்துக்கு நான்கு பெஞ்சு, முதியவர்கள் முதுகு சாய்த்து உட்காரும்படி. கண் உயரத்தில், நல்ல தமிழில், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் சீட்டு. அதோடு, சொல்ல ஒரு மனிதர். களைப்பைப் பற்றி எழுதிய அதே கில்மன்தான் தன் அருங்காட்சியகத்தில் பொருள்களின் அருகே நின்று பார்வையாளரோடு பேசுகிறவர்களை முதன்முதலில் ஏற்படுத்தியவர், அது 1907இல். நம் ஊரில் அதற்கு ஆளா பஞ்சம்? ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். சுவாமிமலை ஸ்தபதி ஒருவர் மாதத்தில் ஒரு ஞாயிறு செப்புத் திருமேனிகளின் முன் நின்று வார்ப்பு முறையைச் சொன்னால் கூட்டம் வராதா? முட்டுக்காடு தட்சிணசித்ராவில் குயவரின் சக்கரத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இதைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

நேரமும் மாற வேண்டும். வேலைக்குப் போகிறவர் மாலை 5 மணிக்கு மூடும் அருங்காட்சியகத்தை எப்போது பார்ப்பது? லண்டனில் இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப்படும் இடத்தில், 1850களின் இறுதியிலேயே எரிவாயு விளக்கு ஏற்றி இரவிலும் திறந்துவைத்தார்கள், உழைக்கும் மக்கள் வேலை முடிந்து வரட்டும் என்று. பசியாற ஓர் உணவுக்கூடமும் வைத்தார்கள். மின்விளக்கு இருக்கும் காலத்தில் வாரத்தில் இரண்டு நாளாவது இரவு 8 மணி வரை நாம் திறந்துவைக்கலாம்.

பள்ளிகளிடம் ஒரு வேண்டுகோள். முழு அருங்காட்சியகத்தையும் காட்டாதீர்கள். ஒரு கூடம் போதும், அதில் மூன்று பொருள் போதும். தரையில் உட்காரவைத்து அவற்றைப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். கோணல்மாணலாக வரையட்டும். வரைகிற கை நின்று நின்று பார்க்கும். பல்லாவரத்துப் பள்ளி என்றால் எழும்பூரில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் கற்கருவிகளை மட்டும் காட்டுங்கள். 1863 மே மாதம் அவர் முதல் கற்கருவியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில்தான். பிள்ளைகள் விளையாடும் ஊரில். பேருந்து கிளம்பும் நேரத்தில் அவர்கள் தரையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அருங்காட்சியகம் கேளிக்கைக் கூடமாகிவிடுமோ என்று அஞ்சுகிறவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. தஞ்சாவூர் மழைநாளில் எனக்குக் கிடைத்த அமைதியை நானும் இழக்க விரும்பவில்லை. ஆனால் ஆள் இல்லாததால் வரும் அமைதி வேறு, பார்க்கிறவர்கள் தம்மை மறந்து நிற்பதால் வரும் அமைதி வேறு.

போன கோடை விடுமுறையில் அண்ணன் மகளைத் தஞ்சாவூருக்கும் அழைத்துப்போனேன். மற்ற கூடங்களுக்குப் போகவில்லை. திருவெண்காட்டுக்காரரிடம் மட்டும் போனோம். நான் ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிச் சுற்றி வந்தாள், முதுகைப் பார்த்தாள், உட்கார்ந்து பீடத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, "மாடு எங்க போச்சு அத்தை?" என்றாள்.

வெளியே அரண்மனை முற்றத்தில் நான் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் எங்கள் வண்டியின் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு காலைக் குறுக்கே மாற்றிவைத்து, வலது முழங்கையை வண்டி இருக்கையின் மீது ஊன்றி, இடுப்பை லேசாகச் சாய்த்து.